ஞாயிறு முகாமில் என் கணவரின் இடது கண்ணுக்குள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்த உத்தரவிட வேண்டி

அனுப்புநர்
ஜெ. தங்கபுஷ்பம்,
க/பெ. ஜெயவேல்,
வீரம்மாகுப்பம் இரண்டாவது தெரு,
எண்ணூர் விரைவுச் சாலை,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: கண்புரை அறுவை சிகிச்சை – இலவச முகாமில் சேர்க்கப்படுவோருக்கு அறுவை முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் மருந்து செலுத்தாமல் விடுவது – என் கணவர் வலது கண்ணை இழந்தது – வரும் ஞாயிறன்று அதே மருத்துவமனையில் அவருடைய இடது கண்ணுக்கு அறுவை – அதற்கு முன் உத்தரவு பிறப்பிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் காசிமேட்டிலும் எங்கள் குப்பத்து ஏலத்திலும் மீன் எடுத்துக் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் விற்பவள். எங்கள் குப்பத்து மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளரும் நானே. தெருக்குழாய், தெருவிளக்கு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று இந்தக் கையால் எழுதிய மனுக்கள் தங்கள் அலுவலக அலமாரியில் பல இருக்கும். அவற்றுக்குப் பதில் வர எவ்வளவு காலம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக நான் இதுவரை கோபித்துக்கொண்டது கிடையாது. ஆனால் இந்த மனுவுக்கு அந்தக் காலம் இல்லை. குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமை வந்து முறைப்படி வரிசையில் நிற்கலாம் என்றால், அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே முறை தவறிப் புதன்கிழமையே தங்கள் வாசலில் வந்து நிற்கிறேன். தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. என் கணவர் ஜெயவேல் விசைப்படகில் ஸ்ராங்காக இருப்பவர். படகை ஓட்டிச் செல்வதும், கூட வரும் ஆட்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பதும் அவர் பொறுப்பு. வெயிலும் கடல் நீரின் கண்கூச்சமும் தின்றதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எதிரே வரும் படகு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது என்று அவரே படகு உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். உரிமையாளர் நல்ல மனிதர். “தடைக்காலம் முடியறதுக்குள்ள கண்ண சரி பண்ணிகினு வா ஸ்ராங்கு, இல்லாங்காட்டி நான் வேற ஆளத்தான் பாக்கணும்” என்றார். அவர் சொன்னதில் குற்றம் காண முடியாது. பார்வை இல்லாதவனை நம்பி யாரும் பெற்ற பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப மாட்டார்கள்.

3. எங்கள் குப்பத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கடலொளி அறக்கட்டளை கண் மருத்துவமனை’யின் வண்டி வருகிறது. மீன் ஏலக்கூடத்தின் நிழலில் வைத்துக் கண்ணைப் பார்க்கிறார்கள். புரை முற்றியவர்களை அன்றே அழைத்துப்போய், இலவசமாக அறுவை செய்து, மறுநாள் கட்டைப் பிரித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். சாப்பாடும் போடுகிறார்கள். அந்த வண்டியால் கண் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. இதைச் சொல்லாமல் மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். அந்த நம்பிக்கையில்தான் கடந்த மார்ச் மாதம் என் கணவரையும் நானே கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டேன்.

4. வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. மறுநாள் காலை மருத்துவமனையில் கட்டைப் பிரிக்கும்போதே, “கண்ணுக்குள்ள கொள்ளிக்கட்டைய வெச்சா மாரி கீது” என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அறுவை செய்தால் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று பதில் கிடைத்திருக்கிறது. அதன் பிறகே கையில் சொட்டு மருந்துப் புட்டியைக் கொடுத்து வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வரிசையைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வலி முதலில் வந்தது. புட்டி பிறகு வந்தது.

5. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆவதற்குள் கண் வீங்கி, கருவிழி வெள்ளையாகி, சீழ் கட்டிவிட்டது. வலி என்றால் முணுமுணுக்கக்கூடத் தெரியாத மனிதர், வலைக் கப்பியில் விரல் நசுங்கிய போதும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவர், சுவரில் தலையை முட்டிக்கொண்டார். ஆட்டோ பிடித்து அரசு கண் மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே டாக்டர் தாஹிரா அவர்கள் உடனே சேர்த்துக்கொண்டு, கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார். பிறகு உள்ளே இருந்த சீழைக் கழுவி எடுத்தார். என்ன செய்தும் கிருமி அடங்கவில்லை. கடைசியில் கண்ணை எடுத்துவிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நிலை வந்து, எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவள் நான். அந்த அம்மையார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

6. என் கணவர் மட்டும் அல்ல. அதே நாளில், அதே அரங்கில் அறுவை செய்துகொண்ட எங்கள் தெருக் கருவாட்டு வியாபாரி சொக்கம்மாளுக்கும், காலடிப்பேட்டையைச் சேர்ந்த கோதண்டம் என்பவருக்கும் இதேபோல் சீழ் பிடித்தது. கோதண்டம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் இருவருக்கும் அந்தக் கண் இருக்கிறது, அதில் பார்வை இல்லை.

7. இப்படி ஏன் ஆயிற்று என்று டாக்டர் தாஹிராவிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். புரையை எடுத்து, லென்சை வைத்து முடிக்கும்போது, கண்ணுக்குள்ளேயே சிறிதளவு ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்திவிட்டால், உள்ளே போயிருக்கக்கூடிய கிருமி அங்கேயே சாகும் என்றார். “ஊசி போட்டா வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. அரங்கு சுத்தமா இருக்கணும், ஆபரேஷனுக்கு முன்னாடி அயோடின் மருந்தால கண்ணைக் கழுவணும், எல்லாம் சேர்ந்துதான். ஆனா இந்த ஊசி போட்டா வர்றது வெகுவா குறையும். எங்க வார்டுல இதைப் போடாம யாருக்கும் நான் முடிக்கறதில்ல” என்றார். வெளியிலிருந்து விடும் சொட்டு மருந்து அந்த வேலையை அதே அளவுக்குச் செய்யாது என்றும் சொன்னார்.

8. உடனே கடலொளி மருத்துவமனைக்குச் சென்று, முகாம் அலுவலர் பொன்ராஜ் அவர்களிடம் அந்த மருந்தை என் கணவருக்குப் போட்டீர்களா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. “அது பணம் கட்டி வர்றவங்களுக்குப் போடறதும்மா. கேம்ப்புக்கு சொட்டு மருந்து குடுத்துடுவோம், அது போதும்” என்றார். ஐயா, மாடியில் பணம் கட்டிப் படுத்திருப்பவர் கண்ணுக்குள் போகும் கிருமியும், கீழே பாயில் படுத்திருக்கும் எங்கள் கண்ணுக்குள் போகும் கிருமியும் வேறு வேறா? இலவசமாகக் கொடுப்பவரிடம் கூடுதலாக எதையும் கேட்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். சோறு போடுபவரிடம் பாயசம் கேட்கவில்லை. இலையைக் கழுவிப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

9. அங்கேயே நான் கொடுத்த புகாருக்குப் பிறகு அந்த மருத்துவமனை தானே ஒரு விசாரணை நடத்தியது. இருவர் மார்க்கெட்டில் என் கடைக்கு வந்தார்கள். சொட்டு மருந்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். மருந்து சூடாகாமல், ஜில்லென்ற இடத்தில் இருக்க வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விடவும் சொல்லியிருந்தார்கள். கடையை மூடினால் அடுப்பு எரியாது. அவரைத் தனியே வீட்டில் விடவும் முடியாது. ஆகவே அவரைக் கடையில் என் பக்கத்தில் நிழலில் உட்காரவைத்து, புட்டியைப் பாலித்தீன் கவரில் இறுக்கி முடிந்து, மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். எங்கள் ஜனங்களுக்கு ஜில்லென்ற இடம் என்றால் ஐஸ் பெட்டிதான். இன்சுலின் ஊசியை அதில் வைப்பவர்களும் எங்கள் குப்பத்தில் உண்டு. அது தவறு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது; யாரும் சொல்லவும் இல்லை.

10. வந்தவர்கள் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சங்கராவும் வஞ்சிரமும் உருகிய ஐஸ் தண்ணீரும் இருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வந்த காரியம் கைகூடிய மகிழ்ச்சியோடு திரும்பினார்கள். ‘நோயாளியின் குடும்பத்தார் மருந்தை மீன் கழிவு நீரில் வைத்திருந்ததாலும், அப்பகுதியில் தூசி அதிகம் என்பதாலும் தொற்று ஏற்பட்டது, மருத்துவமனை தரப்பில் குறை இல்லை’ என்று முடிவு எழுதிவிட்டார்கள். நகல் இணைத்துள்ளேன்.

11. அந்த முடிவைத் தாங்கள் என் கண்ணால் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

(அ) புட்டி கைக்கு வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது என்பதை மேலே சொன்னேன். மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கண்ணுக்குள் என் ஐஸ் பெட்டி எப்படிப் போயிற்று?

(ஆ) சொக்கம்மாள் புட்டியைத் திறக்கவே இல்லை. தானே விட்டுக்கொள்ளக் கை நடுங்கும். மகள் வரட்டும் என்று வைத்திருந்தார். மகள் வருவதற்குள் கண் வீங்கிவிட்டது. சீல் உடையாத புட்டி இன்றும் அவரிடம் இருக்கிறது.

(இ) கோதண்டம் சைவம். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, அதில் முட்டை கூட வைக்க அவர் மனைவி விடமாட்டார். அவர் கண்ணில் எந்த மீன் தண்ணீர் பட்டது என்று விசாரணை செய்தவர்கள் சொல்லட்டும்.

(ஈ) தூசி என்கிறார்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் நாங்கள் நேற்றுக் குடிவரவில்லை. தூசி இருக்கும் ஊர் என்று தெரிந்துதானே முகாம் போட்டார்கள்? அப்படியானால் எங்களுக்கு அல்லவா முதலில் அந்த மருந்தைப் போட்டிருக்க வேண்டும்?

(உ) மூன்று கண்கள் போன பிறகு அறுவை அரங்கைச் சில நாள் மூடி, வெள்ளையடித்து, மீண்டும் திறந்திருக்கிறார்கள். கிருமி எங்கிருந்து வந்தது, எதைச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கிருமிக்குச் சுண்ணாம்பு வாடை ஆகாது போலிருக்கிறது.

12. ஐயா, இதுவரை எழுதியது புகார். இனி எழுதுவதுதான் நான் புதன்கிழமையே ஓடி வந்த காரணம். அந்த விசாரணை முடிவை என் கணவர் நம்பிவிட்டார். படித்தவர்கள், வெள்ளைக் கோட்டு போட்டவர்கள், போட்டோவுடன் எழுதியது பொய்யாக இருக்குமா என்கிறார். நான் மேலே எழுதிய அத்தனையையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வுடு புஷ்பம், தெரியாம செஞ்சிட்ட. உன்ன நான் இன்னா சொல்லப்போறேன்” என்றார். அவர் என்னை அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். என்னை மன்னித்துவிட்டார். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? சோறு போடும்போதெல்லாம் அவர் முகத்தில் அந்த மன்னிப்பைப் பார்க்கிறேன்.

13. அதோடு நிற்கவில்லை. குற்றம் மருத்துவமனையில் இல்லை, ஐஸ் பெட்டியில்தான் என்று முடிவாகிவிட்டதால், அந்த மருத்துவமனையிடம் அவருக்குப் பயமும் இல்லை. இடது கண்ணுக்கு அறுவை செய்யலாம் என்று டாக்டர் தாஹிராவும் சொல்லிவிட்டார். ஆனால் அரசு மருத்துவமனையில் முறை வர ஜூலை ஆகும். வரிசையை உடைத்து என் கணவரை முன்னால் நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நிற்பவர்களுக்கும் அது கண்தானே. ஆனால் ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிவிடும். ஜூலையில் பார்வை வந்தால், ஸ்ராங்கு இடத்தில் வேறு ஒருவர் இருப்பார். ஆகவே வரும் ஞாயிறு, ஜூன் முதல் தேதி, எங்கள் குப்பத்துக்கு வரும் கடலொளி வண்டிக்கு என் கணவர் எனக்குத் தெரியாமல் பெயர் கொடுத்துவிட்டார். பொன்ராஜ் அவர்களும் பெருந்தன்மையோடு பெயரைச் சேர்த்துக்கொண்டார். நான் அழுதேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். “ஐஸ் பொட்டிய தூக்கிப் போட்டாச்சு, இனிமே இன்னா பயம்?” என்கிறார். உண்மையிலேயே அதை அடித்து உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

14. அவருக்கு இருப்பது அந்த ஒரு கண். அதில் புரை இருந்தாலும் வெளிச்சம் தெரிகிறது. நான் வருவது தெரிகிறது. அதே அரங்கு, அதே மேசை, அதே ‘கேம்ப்புக்கு இது போதும்’. ஞாயிறன்று அந்தக் கண்ணுக்குள்ளும் கிருமி போனால் அவர் முழுக் குருடர். கடலைப் பார்த்தே வாழ்ந்த மனிதரை நான் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்போதும் அவர்கள் வந்து என் வீட்டில் இன்னொரு பெட்டியைத் தேடுவார்கள்.

15. இந்த மனுவை எழுதக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் யாரும் வெளியில் புகார் கொடுப்பது எங்கள் குப்பத்தில் வழக்கம் இல்லை. மீறினால் ஏலத்தில் எனக்கு மீன் விட மாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் வாசற்படி ஏற மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. “நீ மனு போட்டா கேம்ப்ப நிறுத்திடுவானுங்க. உன் வூட்ல ஒரு கண்ணு போச்சின்னு ஊரையே குருடாக்கப் பாக்குறியா?” என்று பஞ்சாயத்தில் கேட்டார்கள். இன்னும் பலர் புரை முற்றி, அந்த வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். பணம் கட்டிப் பார்க்க அவர்களில் ஒருவருக்கும் வழி கிடையாது.

16. ஆகவே தங்களிடம் நான் முதலில் கேட்பது, எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான். தயவுசெய்து முகாமை நிறுத்திவிடாதீர்கள். புகார் வந்தால் தடை போட்டுவிட்டுக் கோப்பை மூடுவது எளிது. அப்படிச் செய்தால் என் ஊர் என்னைச் சபித்தது சரி என்றாகிவிடும். வண்டி வரட்டும். அதில் அந்த மருந்தும் வரட்டும். அதற்காகக் கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறேன்.

(அ) ஞாயிறன்று அழைத்துச் செல்லப்படும் ஒவ்வொருவருக்கும், பணம் கட்டுபவருக்குச் செய்வதைப் போலவே, அறுவை முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் மருந்து செலுத்த வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் அந்த மருத்துவமனைக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

(ஆ) அரங்கையும், கண்ணைக் கழுவப் பயன்படும் திரவத்தையும் அரசு மருத்துவர் ஒருவர் முன்னதாகச் சோதிக்க வேண்டும். அது தேறாவிட்டால், எங்கள் ஜனங்களுக்கு அதே வாரத்தில் வேறு இடத்தில் அறுவை நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

(இ) அறுவை நடக்கும்போது அந்த அரங்குக்குள் தங்கள் சார்பில் ஒரு மருத்துவர் நின்று, மருந்து உண்மையிலேயே போடப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

(ஈ) மூன்று கண்கள் எதனால் போயின என்பதை அரசே விசாரித்து, எழுத்தில் எனக்குத் தெரிவிக்க வேண்டும். என் ஐஸ் பெட்டிதான் காரணம் என்று அரசு கண்டறிந்தால், அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். என் கணவருக்கு நானே படித்துக் காட்டுகிறேன். இல்லை என்றால், அதையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் வாயால் சொன்னால் அவர் நம்ப மாட்டார். முத்திரை வைத்த தாளை நம்புவார்.

17. இழப்பீடு கேட்டு இந்த மனுவில் ஒரு வரியும் நான் எழுதவில்லை. பிறகு கேட்பேன், அப்போது சண்டை போட்டே கேட்பேன். இப்போது எனக்கு அந்த இடது கண் போதும்.

18. ஞாயிறு காலை என் கணவர் அந்த வண்டியில் ஏறத்தான் போகிறார். அவரைத் தடுக்க என்னால் முடியவில்லை. நானும் கூட ஏறிக்கொள்வேன். மருத்துவமனைப் படிகளில் அவர் கையை விடமாட்டேன். சட்டையைக் கழற்றிப் பச்சைத் துணி போர்த்தும் வரை பக்கத்திலேயே இருப்பேன். அறுவை அரங்கின் கதவு வரைதான் என்னை விடுவார்கள், ஐயா. அந்தக் கதவுக்கு உள்ளே அவருக்காக நிற்க எனக்கு வேறு யாரும் இல்லை. தாங்கள் நிற்க வேண்டும்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 28.05.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்துத் தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஜெ. தங்கபுஷ்பம்

இணைப்பு:
1. கடலொளி மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு – நகல்
2. அரசு கண் மருத்துவமனைச் சிகிச்சை விவரம் – நகல்
3. கடலொளி மருத்துவமனையின் விசாரணை முடிவு – நகல்